ஊதல் கேட்ட பிறகு உலை

அக்கா,

எல்ஸ்மியர் பாலத்துக்குக் கீழே தண்டவாளத்தை அறுக்கிறார்கள். வேலை முடிந்து வரும்போது பஸ் பாலத்துக்குக் கிட்ட நின்றது. கதவு திறந்து மூடுகிற நேரத்துக்குள் சூடேறிய இரும்பின் வாசம் உள்ளே வந்துவிட்டது. முன்னால் இருந்த பெண் மூக்கைப் பொத்தினாள். நான் இறங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. பாலத்தின் கம்பியைப் பிடித்தபடி, மூக்கு நுனி விறைக்கும்வரை கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அறுத்த துண்டுகளை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். இனி அதில் பஸ் ஓடுமாம்.

உங்கள் சின்ன ரயிலை இரண்டாவது தடவையும் கழற்றுகிறார்கள், அக்கா. நல்ல காலம், இதைப் பார்க்க நீங்கள் இல்லை. அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நீங்கள் இருந்து பார்த்துவிட்டு, "போனாப் போகட்டும், வீட்டுக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கும்மா, உத்தரத்துக்கு ஆகும்" என்று சொல்லியிருக்க வேண்டும். தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் உத்தரம் எதற்கு என்று நானும் உங்களுடன் சண்டை பிடித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்காபரோவின் அந்தச் சின்ன ரயிலில்தான் உங்களை முதலில் கண்டேன். ஆர்ரி என்று எல்லோரும் சொல்வோம். மகனுடைய பெரிய ஜாக்கெற்றுக்குள் பாதி மறைந்து, கீழே சேலைக் கரை பனியில் நனைய, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். பெட்டிகள் ஆடி ஆடி வந்து நின்றதும் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க ஊரு வண்டி மாதிரியே இருக்குதும்மா. சின்ன லைன்."

"எந்த ஊர்?" என்றேன். காலையில் எனக்கு யாரோடும் கதைக்கப் பிடிக்காது.

"தங்கவயல். கோலார்."

"தங்கம் விளையிற வயலோ?" என்று கேட்டுவிட்டு உங்கள் கழுத்தைப் பார்த்தேன். ஒரு கருகமணி மாலை மட்டும் கிடந்தது. "அப்பிடியெண்டால் கழுத்தில ஒரு பொட்டுத் தங்கம் இல்லையே?"

என் வாய்க்கு முகம் சுளிக்காத ஆளை நான் அதுவரை கண்டதில்லை. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

"நாங்க தோண்டினவங்கம்மா. போட்டுக்கிட்டவங்க வேற."

அன்றிலிருந்து என்னை "யாழ்ப்பாணத்தம்மா" என்று கூப்பிடத் தொடங்கினீர்கள். என் பெயரைச் சொல்லித்தந்தும் பயனில்லை.

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் மகன் வேலைக்காகத் தூரத்து ஊரான வாட்டர்லூவுக்குப் போனபோது கூட வரச் சொல்லி எவ்வளவு கெஞ்சினார். அசையமாட்டேன் என்று விட்டீர்கள். குசினி ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் ஆர்ரி ஊர்ந்து போவது தெரியும். அதை விட்டு வரமாட்டீர்களாம். என் கதை அதைவிடச் சின்னது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பெண்கள் பலர் ஒரே அறையில் ஒட்டிக்கொண்டு இருந்த காலம் போய், ஆளுக்கொரு திசையாகக் கலியாணம் முடித்துப் போக, எனக்கு அது அமையாமல் போய்விட்டது. சகோதரர்கள் ஐரோப்பாவில். பொதிசெய்யும் தொழிற்சாலை வேலை, ரயில், வீடு. ஒரு நாள் நான் வீடு திரும்பாவிட்டால் தேட ஒருவரும் இல்லை. அதை நினைத்து அழுதுகொண்டு இருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் படுக்கும்போது கதவின் உள்சங்கிலியைப் போடாமல்தான் படுப்பேன். ஏதும் நடந்தால் உடைத்து வருகிறவர்களுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று.

உங்கள் ஊர் ரயிலின் சரித்திரத்தை எனக்கு ஒரே மூச்சில் நீங்கள் சொல்லவில்லை. வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சம், பருப்பு வேகும்போது கொஞ்சம். முதலில் அது ஆட்களுக்கான ரயிலே இல்லை. சுரங்க வாயிலிலிருந்து கல்லை ஆலைக்குக் கொண்டுபோகவும், அடுப்பெரிக்க விறகு கொண்டுவரவும் கம்பெனி போட்ட ஒடுக்கமான பாதை. தங்கம் ஒரு நாளும் அதில் கண்ணுக்குத் தெரியப் போகவில்லை என்பீர்கள். கல்லாகத்தான் போகும். ஆலைக்குள் போன பிறகு அதற்கு வேறு மரியாதை, வேறு வாகனம். உங்கள் தாத்தா வட ஆற்காட்டுப் பக்கத்தில் மழை பொய்த்த வருஷம் ஒன்றில் குடும்பத்தோடு வந்து, அந்தப் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை சுமந்தவர். பிறகு சுரங்கங்கள் ஊரைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போக, கல் ஏற்றுகிற பெட்டிகளிலேயே பலகை அடித்து ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். கரி எஞ்சின் போய் டீசல் வந்தது. கல்யாணப் பெண்ணாக நீங்கள் புகுந்த வீட்டுக்கு வந்ததும் அந்தப் பலகையில் உட்கார்ந்துதானாம். பட்டுச் சேலையில் கிரீஸ் பட்டது, மாமியார் அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டினார்.

"நடந்து வந்திருந்தா முன்னாடியே வந்திருப்போம். ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கௌரவம்னாங்க."

இந்தக் கதைகளுக்கெல்லாம் சிரித்தேன். ஊதல் கதைக்குத்தான் சிரிக்கவில்லை.

வேலை முடிந்து ஆட்களைக் கொண்டுவரும் வண்டி, தொழிலாளர் வீடுகளின் வளைவில் திரும்பும்போது எஞ்சின்காரர் ஒரு நீளமான ஊதல் கொடுப்பார். கீழே இறங்கியவர்கள் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். யாராவது கீழே தங்கிவிட்டால் வண்டி ஊதாமல் வரும். கம்பெனி சொன்ன சட்டம் இல்லை. எந்த எஞ்சின்காரர் தொடங்கினார் என்றும் யாருக்கும் தெரியாது. சில நாட்களில் பூமிக்கு உள்ளே பாறை வெடித்து, மேலே உங்கள் வீட்டுப் பாத்திரங்கள் உருளும். அப்போது எல்லாப் பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு அந்த வளைவையே பார்ப்பீர்கள்.

நீங்கள் புதிதாகக் குடும்பம் நடத்திய காலத்தில், பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் விருந்தாளி வந்ததால் முன்கூட்டியே உலை வைத்துவிட்டார். அன்றைக்குப் பாத்திரமும் உருளவில்லை, ஒன்றும் இல்லை. வண்டி ஊதாமல் வந்தது. எல்லோரும் அடுப்பை விட்டுவிட்டு ஓடினீர்கள். உங்கள் கணவர் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினார். அந்தப் பெண்ணின் கணவர் இறங்கவில்லை. திரும்பி வரும்போது அவர் வீட்டில் சோறு குழைந்து அடிப்பிடித்த மணம் தெரு முழுக்க நின்றதாம்.

"எங்க வீட்டுக்காரரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சும்மா. அவ எதிர்ல நிக்கிறா, நான் சிரிச்சிட்டு நிக்கிறேன். அதை நெனச்சா இன்னைக்கும் உடம்பு கூசுது."

அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒருத்தியும் ஊதல் கேட்காமல் உலை வைக்கவில்லை. பிள்ளைகள் பசியில் கத்தினாலும் சரி.

பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. பெட்டிகள் குறைந்தன. ஒரு நாள் ஊதலும் இல்லை, ஊதாத வண்டியும் இல்லை. தண்டவாளத்தைச் சனங்கள் தங்கள் கூரைக்கு உத்தரமாக்கிக்கொண்டார்கள். கொஞ்சத்தைப் பழைய இரும்புக்காரர்கள் கொண்டுபோனார்கள். "ஊரே முடிஞ்சிருச்சு, ஆனா எனக்கு சாயங்காலம் ஆனா காது மட்டும் தொறந்துக்கும்" என்று சொல்லி, நீங்கள் ரைஸ் குக்கரைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அன்றைக்கு மகன் வருவதாக இருந்தது. நெடுஞ்சாலையில் பனி. அவர் வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும்வரை அதன் பொத்தானை நீங்கள் அமத்தவில்லை. மின்சாரக் குக்கருக்குமா இந்தச் சட்டம் என்று நான் கிண்டல் பண்ணினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்குத் தெரியும்தானே.

கொஞ்ச நாளில் அந்தச் சட்டத்துக்குள் என்னையும் இழுத்துவிட்டீர்கள். வேலையால் வந்து எல்ஸ்மியரில் இறங்கிப் படியேறி மேலே வந்ததும், நான் உங்கள் போனுக்கு ஒரு ரிங் கொடுத்து வெட்டிவிட வேண்டும். பேச்சு இல்லை. நீங்கள் குக்கரைப் போட்டுக் குசினி லைற்றை எரிய விடுவீர்கள். தெரு முனையில் திரும்பும்போதே அந்த வெளிச்சம் தெரியும். உடுப்பு மாற்றிக்கொண்டு நான் வந்து சேர, சோறு வெந்திருக்கும். பிறகு சண்டை. உங்கள் களியை நான் பசை என்பேன். என் சொதியைத் தேங்காய்த் தண்ணீர் என்பீர்கள்.

அந்தப் பனிப்புயல் நாளை மறக்கவே முடியாது. ரயில் இடைவழியில் நின்றுவிட்டது. என் போனில் சார்ஜ் இல்லை. பிந்தி வந்து படியேறினால், மேலே நீங்கள் நிற்கிறீர்கள். சேலை, வீட்டுச் செருப்பு, தலையில் ஒரு துவாய். சீருடையில் நின்ற ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் இங்கிலீஷில், "எவ்ரிபடி கேம் அப்? எவ்ரிபடி?" என்று கேட்கிறீர்கள். அவர் பாவம், யெஸ் மேடம், யெஸ் மேடம் என்று தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா? இந்தக் குளிருக்குள்ள ஆரும் இப்பிடி வருவினமே?" என்று கத்தினேன்.

நீங்கள் என்னைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தீர்கள். "வண்டி ஊதலையேம்மா" என்றீர்கள். அவ்வளவுதான். வழியெல்லாம் நான் ஏசிக்கொண்டே வந்தேன். ஏசினேனே தவிர, உள்ளுக்குள் என்ன நடந்தது என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன். எனக்காக ஒருவர் ஓடி வந்தது அதுதான் முதல் தடவை. அன்றிரவு என் வீட்டுக் கதவின் உள்சங்கிலியை நிம்மதியாகப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

பிறகு ஆர்ரியும் ஒரு நாள் நின்றுபோனது. பஸ் வந்தது. "எனக்கு வாய்ச்ச ரயிலெல்லாம் இப்படித்தான்" என்று விட்டு, ரிங்கை மட்டும் விடவேண்டாம் என்றீர்கள். பஸ்ஸால் இறங்கிக் கொடுத்தேன்.

போன மாரிக் குளிரில் ஒரு மாலை ரிங் கொடுத்துவிட்டுத் தெரு முனையில் திரும்பினால், உங்கள் குசினி ஜன்னல் இருட்டு. நான் ஓடினேன், அக்கா. இந்த வலிக்கிற முழங்காலோடு, பனியில், பையை எங்கே போட்டேன் என்றும் தெரியாமல் ஓடினேன். உங்கள் ஊர்ப் பெண்கள் எப்படி ஓடினார்கள் என்று அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது. பகலிலேயே நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் மகன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு உங்கள் ரைஸ் குக்கரை என் கையில் தந்துவிட்டுப் போனார். அது என் பிரிட்ஜின் மேல் தூசி பிடித்துப்போய் இருக்கிறது. சோறு சமைப்பதில்லை. பாண், சூப், ஏதோ வயிற்றை நிரப்புகிறேன். ரிங்கை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் பஸ்ஸால் இறங்கியதும் உங்கள் இலக்கத்துக்கு ஒரு ரிங். இணைப்பை இன்னும் வெட்டவில்லை என்பது அடிக்கிற சத்தத்தில் தெரியும். எங்கேயோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கிற போன், அடித்தால் என்ன என்று நினைப்பேன். பைத்தியக்கார வேலைதான். உள்சங்கிலியையும் மறுபடி போடுவதில்லை.

இங்கே எழுதுவதை நிறுத்த வேண்டி வந்தது, அக்கா. போன் அடித்தது. திரையில் உங்கள் பெயர். பேனையைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

"ஆன்ட்டி?" உங்கள் மகன். மூச்சு வாங்கியது. "ஆன்ட்டி, நீங்க... மேல வந்துட்டீங்களா?"

அப்போதுதான் நினைவு வந்தது. பாலத்தில் நின்று இரும்பைப் பார்த்த பராக்கில் இன்றைக்கு நான் ரிங் கொடுக்கவில்லை.

"அம்மா போன் எங்க கிச்சன்லதான் இருக்கும் ஆன்ட்டி. டெய்லி உங்க ரிங் வரும். அதுக்கப்புறம்தான் ரைஸ் வைப்போம். என் ஒய்ஃப்கூட அப்படியே பழகிட்டா. இன்னைக்கு வரலை. கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் இந்த போனையும் கார் சாவியையும் எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"ரோட்டுக்கே வந்துட்டேன். அங்கதான் வர இருந்தேன்."

எனக்கு ஏசத்தான் வந்தது. "விசரே தம்பி உங்களுக்கு, இந்தக் குளிருக்குள்ள!" என்று தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டேன். பிறகு நான் சொன்னேன்:

"மேல வந்திட்டன், தம்பி. போய் உலையை வையுங்கோ."

போனை வைத்துவிட்டுக் குளிர்ச்சட்டையைக் கழற்றினேன். கதிரையில் ஏறி உங்கள் குக்கரை இறக்கினேன். தூசியைத் துடைத்தேன். அரிசி கழுவும்போது கை தன் பாட்டில் உங்களுக்கும் சேர்த்து அளந்துவிட்டது. திருப்பிக் கொட்ட மனம் வரவில்லை, அக்கா. அப்படியே போட்டிருக்கிறேன். இப்போது வேகிறது.