அப்பா முதல், மகள் இரண்டாவது

1936 ஏப்ரல் 18, சனி

விடிந்ததிலிருந்தே அனல் காற்று. புளி உடைத்தாயிற்று, கொட்டை எடுப்பது பாக்கி. சின்னவன் முதுகெல்லாம் வேர்க்குரு. நுங்குத் தண்ணீர் தடவினேன்.

பிரெஞ்சுப் பள்ளிச் சான்றிதழுக்கான செர்த்திபிக்கா பரீட்சை முடிவு வந்துவிட்டது. ஊர்ச் சபையான கொம்யூன் ஆபீஸ் சுவரில் அதை ஒட்டியவரே என் வீட்டுக்காரர்தான். சேவகர் வேலை, எந்தக் காகிதம் வந்தாலும் இவர்தான் ஒட்ட வேண்டும். பசை தடவி, ஒட்டி, தள்ளி நின்று படித்திருக்கிறார். பின்னால் இருந்தவர்கள் "நவுரு சாமி, மறைக்குது" என்றார்களாம். நகரவே முடியவில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டியடிக்குப் போய்க் கைப் பசையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். ரோசலி பின்னாலேயே போய் நின்றாள்.

"இன்னாப்பா ஆச்சு?"

"பாஸு. ரெண்டாவது."

"மொதல் யாரு?"

இன்னொரு சொம்பு தண்ணீர் மொண்டு கையில் ஊற்றிக்கொண்டார்.

"யப்பா, யாரு?"

"நான்தான்."

அரை மார்க்கு வித்தியாசம். பிரெஞ்சு வாசகம் சொல்லி எழுத வைக்கிறார்களே, அதில் ஒரு எழுத்தின் தலையில் கோடு போட மறந்திருக்கிறாள். அந்தக் கோடுகளை எல்லாம் எங்கே போடுவது என்று இவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாயசம் வைக்க வெல்லத்தை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசை. கோவில் வாசலில் எல்லாரும் இவரைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுச் செல்லம்மா நாங்கள் திரும்பி வரும்போது கேட்டாள்: "இன்னாடி மரியா, அப்பனும் பொண்ணும் ஒரே கிளாசாமே. உன் வூட்ல யாரு யாருக்கு வாத்தியாரு?" கேலிதான், மனசில் ஒன்றுமில்லை. ரோசலி முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

சாப்பாட்டின்போது அவருக்குச் சோறு போடவில்லை. நான்தான் போட்டேன். எப்போதும் அவள் போடுவாள்.

முதலாவதாக வருவதில் என்ன இருக்கிறது என்று வெளியாட்களுக்குத் தோன்றும். வருஷா வருஷம் பரிசளிப்பு அன்று, முதலில் வந்த பிள்ளைதான் மேடையேறி, பாண்டியிலிருந்து வருகிற துரைக்கு எதிரே நின்று பிரெஞ்சில் பேசும். தலையில் தங்கக் காகிதம் சுற்றிய இலைக் கிரீடம். ரோசலி ஏழு வயதில் அதைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சை ஆட்டுக்குட்டியிடம் பேசியிருக்கிறாள், நெல் மூட்டையிடம் பேசியிருக்கிறாள், தொட்டிலில் கிடந்த சின்னவனிடம் பேசியிருக்கிறாள். இப்போது பதிமூன்று வயது. இதுதான் கடைசி வருஷம்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். "ரோசலி, நீயே பேசும்மா. நான் போய்ச் சொல்லிடறேன்."

"நீ விட்டுக் குடுத்து நான் பேசணுமா? வேணாம். ஜெயிச்சது நீ. நீயே பேசு."

அவளிடம் பிடித்ததும் இதுதான், பிடிக்காததும் இதுதான். அப்படியே அவர்.

ஏப்ரல் 21, செவ்வாய்

காற்று இல்லை. சின்னவனுக்குச் சற்றுத் தேவலை. புளி ஜாடியில் ஏற்றியாகிவிட்டது.

நேற்றும் இன்றும் அவர் வரப்பில் நின்று பேசிப் பழகினார். "முசியே" என்று துரையைக் கூப்பிட்டுத் தொடங்குகிறார், அடுத்த சொல்லுக்குப் போகாமல் திரும்ப "முசியே" என்கிறார். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர். "எழுதறது வேற மரியா. அங்க யாரும் பாக்கல." கை வேர்வையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். பாவமாயும் இருந்தது, சிரிப்பும் வந்தது. வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தினேன்.

மத்தியானம் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்துத் தலைவியான பெரிய அம்மா வந்தார்கள், குடை பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில். மோர் கொடுத்தேன். சங்கடப்பட்டுத்தான் பேசினார்கள். கிரீடமும் பேச்சும் பள்ளிக்கூடத்தில் பேர் உள்ள பிள்ளைகளுக்குத்தானாம். வெளியிலிருந்து எழுதியவருக்குச் சான்றிதழ் மட்டும் ஆபீசில் கொடுத்துவிடுவார்களாம். தவிர, அன்றைக்கு இவருக்கு வேலை உண்டு. துரை நாற்காலிக்குப் பின்னால் நின்று விசிறி போட வேண்டும்.

"அதனால ரோசலிதான் பேசணும்" என்றார்கள்.

அவர் உடனே, "நல்லதாப் போச்சும்மா. எனக்கு வாயே வரல" என்று சிரித்தார். நிஜமான சிரிப்பு மாதிரிதான் இருந்தது. அப்புறம் கொடியில் கிடந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கஞ்சி போட்ட கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ரோசலி துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அடுப்படிக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்: "அப்பாக்கு கிரீடம் கெடையாதாம்மா?"

"கெடையாதாம்."

"ரெண்டு பேரும் ஒரே கொட்டாயிலதான எழுதினோம். ஒரே கேள்விதான."

ராத்திரிச் சோற்றை அவளே போட்டாள் அவருக்கு. கத்தரிக்காயில் பெரிய துண்டாகப் பார்த்து.

ஏப்ரல் 23, வியாழன்

வேலைகள்: ரோசலியின் வெள்ளைப் பாவாடைக்கு ஓரம் தைக்க. ரிப்பன். அவர் மார்பில் போடும் டவாலிக்குப் பித்தளை வில்லை துலக்க (புளி போட்டு). சின்னவனுக்கு வேறு சட்டை இல்லை, அரைஞாண் போதும்.

பேச்சு பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டது. வருஷா வருஷம் அதே பேச்சுதான், பெயர் மட்டும் மாறும். அப்பாவும் மகளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பழகுகிறார்கள். பிரெஞ்சு "உ" ஒன்று இருக்கிறதே, வாயை ஊதுகிற மாதிரி குவித்துக்கொண்டு "இ" சொல்ல வேண்டும். இரண்டு பேரும் உதட்டைக் குவித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். செல்லம்மா எட்டிப் பார்த்து, "இன்னா, அடுப்பா ஊதறீங்க?" என்றாள்.

எல்லாம் மணி மணியாகச் சொல்கிறாள். ஒரு இடத்தில் மட்டும் தடுக்குகிறது. "இந்த ஆண்டு முதலாவதாக வந்த நான்" என்கிற இடம். ஒவ்வொரு முறையும் அங்கே வந்து நின்றுவிடுகிறாள்.

பெரிய அம்மாவிடம் போய் அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாள். "துரை கையில இதே பேச்சு இருக்கும் கண்ணு. ஒரு சொல் மாறக்கூடாது" என்று அனுப்பிவிட்டார்கள்.

"சும்மா சொல்லிட்டுப் போம்மா" என்கிறார் இவர். "ஊருக்கே தெரியும் நீதான் பள்ளிக்கூடத்துல மொதல்னு."

அவள் பேசவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பேசாமல் இருந்தால் ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஏப்ரல் 25, சனி

பரிசளிப்பு முடிந்தது.

பள்ளிக்கூடத்து எதிரே பந்தல். தென்னங்கீற்று, மாவிலை, மூன்று வர்ணக் கொடி. பெண்கள் பக்கம் பாயில் நான், செல்லம்மா, சின்னவன் மடியில். மேடையில் துரை, பக்கத்தில் நம்ம கொம்யூன் தலைவர் மேர், பெரிய அம்மா. துரைக்குப் பின்னால் இவர், டவாலி போட்டுக்கொண்டு, பெரிய பனை விசிறியோடு. விசிறி மேலே போவதும் கீழே வருவதும். முகத்தில் ஒன்றும் இல்லை.

ரோசலி தலையில் கிரீடம் வைத்தார்கள். சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். பேச ஆரம்பித்தாள். குரல் கணீரென்று வந்தது. எனக்குப் பாதிதான் புரியும், நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்த இடம் வருவது தெரிந்தது.

நின்றாள்.

பெரிய அம்மா உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிரெஞ்சில்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னதால் எனக்கே புரிந்தது. "நான் இரண்டாவது, முசியே. முதலாவதாக வந்தவர் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார். அவர் என் அப்பா."

துரை கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். இவர் விசிறியை நிறுத்தவில்லை. மேர் முகம் சிவந்து போயிற்று. துரை ஏதோ கேட்டார். உண்மைதானா என்று கேட்டிருக்க வேண்டும்.

இவருக்கு வாய் வராதே என்று சின்னவனை இறுக்கிக்கொண்டேன். செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவர் பேசினார். "ஆமாம் முசியே, அரை மார்க்கில். கோடு போடச் சொல்லிக் கொடுத்தது அவள். தன் தாளில் ஒன்றைப் போட மறந்ததும் அவள்தான்." பிசகில்லாத பிரெஞ்சு; அர்த்தம் முழுக்க அப்புறம் ரோசலிதான் எனக்குச் சொன்னாள். விசிறி மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

துரை சிரித்தார். எழுந்து கை கொடுத்தார். இவர் விசிறியை இடக்கைக்கு மாற்றிக் கை கொடுத்தார். பிறகு துரை உட்கார்ந்து, நடத்தம்மா என்று ரோசலிக்குச் சைகை காட்டினார். விசிறி திரும்ப அசைந்தது. பேச்சை முடித்தாள். மீதியில் ஒரு சொல் மாறவில்லை.

வீட்டுப் படலைத் திறக்கும்போது இவர் சொன்னார்: "நாளான்னிக்கு நான் வேலைக்குப் போவணும்மா. மேர் மூஞ்சியப் பாத்தியா? துரை போயிடுவாரு. நான் அங்கதான நிக்கணும்."

ரோசலி கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். யாருமே சாப்பிடவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

பூசை முடிந்து கோவில் வாசலில் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து இவர் கையைப் பிடித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்காரர் ஒருவர், இதுவரை இவரை "ஏய்" என்றே கூப்பிட்டவர், "இன்னாப்பா, சௌக்கியமா" என்றார். செல்லம்மா மடியில் பச்சை மொச்சை கட்டிக்கொண்டு வந்து கொட்டினாள்.

மொச்சை உரிக்க உட்கார்ந்தோம். அவரும் வந்து உட்கார்ந்தார்.

"நீ சொன்னது சரிதான். ஆனா என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"கேட்டா நீ வேணான்னிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

அப்புறம் முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

நேற்றிரவு நாலு தூற்றல். மண் வாசனை. விறகு நனைந்துவிட்டது.

மேர் இன்று கூப்பிட்டு விட்டார். இவர் டவாலியைச் சரி பண்ணிக்கொண்டே போனாராம். மேர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. எழுத்தர் இடம் காலியானால் பார்க்கலாம், அதுவரை இந்த வேலைதான். ஆனால் நாளையிலிருந்து காலை வேளையில் பழைய எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து பிறப்புப் பதிவு நகல் எடுக்க வேண்டும். "உக்காந்து" என்ற சொல்லை இவர் இரண்டு தரம் சொன்னார்.

சாயங்காலம் அந்தச் சிவப்புப் புத்தகத்துக்காக இரண்டு பேருக்கும் சண்டை. கடைசியில் ரோசலி, "மொதல்ல வந்தவங்க மொதல்ல படிங்க" என்று நீட்டினாள். அவர் வாங்கி, இரண்டு பக்கம் படித்துவிட்டு, ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு அவளிடமே போனார்.

நான் நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தேன். ரோசலி திரும்பிப் பார்த்து, "யம்மா, அடுத்த வருசம் நீ எழுதும்மா" என்றாள்.

"நான் சொல்லித் தரேன்" என்றார் அவர்.

"உனக்குக் கோடு போடவே வராது. நான் சொல்லித் தரேன்."

"யாரு மொதல்ல வந்தது?"

மறுபடி வாக்குவாதம், தெருவுக்கே கேட்கும்படி. என்னை இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சரி என்பேன்.