கீர்த்தனாவை நம்ம ஹைஸ்கூலிலேயே திரும்பச் சேர்த்துவிட்டேன், அக்கா

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்ட என் அக்காவுக்கு,

உன்னிடம் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். நான் செய்தது சரியா தப்பா என்று அவர்களும் யோசிக்கட்டும். எனக்கு இன்னும் தெரியவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "கீர்த்தனாவ நம்மூரு ஸ்கூல்ல வெக்காதடா. அந்த ஸ்கூலு என்ன நல்லா பாத்துக்கிச்சு. கணக்கு மட்டும் சொல்லித் தரல." சரி என்றேன். அவள் அப்பா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவர். உன் மகளுக்கு இந்த மாமனையும் ரேவதி அத்தையையும் விட்டால் யார்?

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நீ ஒன்பதாவது போனபோது மாற்றலாகிப் போன கணக்கு சாருக்குப் பதிலாக ஆள் வரவே இல்லை. சயின்ஸ் சாரே பாடப்புத்தகக் கணக்குகளை போர்டில் எழுதிப்போட, நீங்கள் பதினோரு பேரும் அதை மனப்பாடம் செய்தீர்கள். பத்தாவதில் நீதான் ஃபர்ஸ்ட். ஸ்கூலே சாக்லேட் கொடுத்தது. பத்தாவதுக்கு மேல் புத்தூரில் இன்டரில் கணக்கு குரூப் எடுத்தாய். எண்பது பேர் க்ளாஸ், அதுவரை தமிழில் படித்த உனக்குத் தெலுங்கில் பாடம். மூன்றே மாதத்தில் நின்றுவிட்டாய். அப்புறம் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை.

அதனால் கீர்த்தனா எட்டாவது முடித்ததும் திருப்பதியில் ஹாஸ்டலோடு இருக்கிற ஒரு பெரிய பிரைவேட் ஸ்கூலில் சேர்த்தேன். வாரம் ஒரு முறைதான் போன். "நல்லா கீறியா?" என்பேன். "கீறேன் மாமா." "துன்னியா?" "துன்னேன்." அவ்வளவுதான். மார்க் மட்டும் என் செல்லுக்கு வந்துகொண்டிருந்தது. கணக்கில் எண்பது, எண்பத்தைந்து. கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது பக்கத்து சீட்டில் இருக்கிறவர்களிடம் அதைக் காட்டுவேன். அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனதை நான் ஏன் கவனிக்கவில்லை?

தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளை ஒருநாள் வெளியே கூட்டிப்போக அனுமதி வாங்கியிருந்தேன். பத்து மணிக்கே போய்விட்டேன். வார்டன் அம்மா ரெஜிஸ்டரைப் பார்த்து, "ஸ்டடி ஹால்ல இருக்கா" என்று ஒரு பெண்ணை அனுப்பினார். அவள் தனியாகத் திரும்பி வந்தாள். சிக் ரூமில் பார்த்தார்கள். பாத்ரூம் பக்கம் பார்த்தார்கள். மாடிக்கு ஓடினார்கள். எங்கேயும் இல்லை.

ரெஜிஸ்டரில் காலை டிபனுக்கு டிக் இருந்தது. ஸ்டடி ஹாலுக்கும் டிக் இருந்தது. "எவரு டிக் பெட்டிந்தி?", யார் டிக் போட்டது என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அறுபது கட்டில் போட்ட அந்த ஹாலில், பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் கீர்த்தனா எங்கே என்றேன். அவள் திருதிருவென்று விழித்தாள். "நம்பர் சொல்லுங்க அங்கிள்" என்றாள்.

ரேவதிக்குப் போன் செய்தேன். அவள் அழாமல் உடனே நம்ம ஹைஸ்கூல் ஹெச்.எம். அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "என்ன கலர் டிரெஸ்?" பழைய வகுப்பில் மீதி இருந்தது எட்டுப் பிள்ளைகள். எட்டு வீட்டுக்கும் அவரே போன் போட்டார். அந்த எட்டு வீட்டிலும் உன் மகளை முகம் பார்த்துத் தெரியும், எல்லார் வீட்டிலும் அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான சந்தியாவின் அப்பா ரேணிகுண்டா ஸ்டேஷன் வாசலில் டிபன் வண்டி வைத்திருக்கிறார். கல்லில் தோசையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார். நான் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் போன் வந்தது. "பொண்ணு இங்கதான் கீது. பக்கத்துலயே உக்காந்துகினு கீறேன். நீ மெதுவா வண்டி ஓட்டிக்கினு வா."

மெதுவாக எங்கே ஓட்டுவது?

பிளாட்பாரத்தின் கடைசி முனையில், கூரை முடிந்து வெயில் விழுகிற இடத்தில் இருந்தாள். அவள் கையைச் சந்தியாவின் அப்பா பிடித்துக்கொண்டிருந்தார். புத்தூர் பக்கம் போகிற வண்டி இரண்டு அதற்குள் போய்விட்டதாம். அவள் ஏறவில்லை. வீட்டுக்கு வர நினைத்தவள் ஏன் ஏறவில்லை? ஆளே இல்லாத அந்த முனைக்கு ஏன் போனாள்? நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்க வேண்டுமா அக்கா?

"அங்க யாரும் என்ன பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல மாமா" என்றாள்.

அடுத்த வாரம் நம்ம ஹைஸ்கூலுக்குக் கூட்டிப்போனேன். ஹெச்.எம். அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார். என்னிடம் மட்டும் தனியாக, "கணக்குக்கு இப்பவும் ஆள் இல்ல. தெரிஞ்சுதான சேக்கறீங்க?" என்றார். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சின்ன ஸ்கூலில் எதையும் மறைக்க முடியாது. ஸ்டேஷன் விஷயம் சேர்ந்த அன்றைக்கே எல்லா வகுப்புக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தன் ரயில் மாதிரி ஊதிக் காட்டினான். சந்தியா அவனை அடித்து, அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. த்ரோபால் ஆட இரண்டு டீமுக்கு ஆள் சேராது. சயின்ஸ் சாரை சர்வே வேலைக்கு அனுப்பினால் அன்றைக்கு இரண்டு பாடமும் கிடையாது. ஆள் குறைவு, வேறு ஸ்கூலோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சும் தலைக்கு மேல் தொங்குகிறது.

பத்தாவது தொடங்கியதும், பெற்றவர்கள் எல்லாரும் கல்வி ஆபீசுக்குப் போனோம். "தொம்மிதி மந்திகி ஒக டீச்சரா?" என்றார் அதிகாரி, ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல். ஒன்பது பேருக்கு ஒரு வாத்தியாரா என்று.

சந்தியாவின் அப்பா தமிழிலேயே சொன்னார்: "ஒம்போது பேருன்னா ஒம்போது வூடு சார். நாங்க எங்க போறது?"

சாயங்காலம் வரை அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தோம். பியூன் கதவைப் பூட்ட வந்தபோதும் யாரும் எழவில்லை. கடைசியில், பக்கத்து ஸ்கூல் கணக்கு டீச்சரை வாரம் மூன்று நாள் அனுப்புவதாக எழுதிக் கொடுத்தார்கள். அவர் வருகிறார். நன்றாக நடத்துகிறாராம்.

ஆனால் அரையாண்டில் கீர்த்தனாவுக்குக் கணக்கில் ஐம்பத்திரண்டுதான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. ரேவதிதான் போட்டாள். திருப்பதியிலேயே விட்டிருந்தால் தொண்ணூறு வந்திருக்கும். அவள் இருந்திருப்பாளா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "இன்டர்ல கணக்கு குரூப்புதான் எடுப்பேன் மாமா. பயமாத்தான் கீது."

"உங்க அம்மா கூட..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். மூணு மாசத்துல நின்னுட்டாங்க. பயமா கீதுன்னு அவங்க உங்கிட்ட சொன்னாங்களா?"

அந்த மூன்று மாதமும் நான் உன்னோடு அதே வீட்டில்தான் இருந்தேன். நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவளை எங்கே சேர்ப்பது என்பதை இந்த முறை அவளை உட்காரவைத்துப் பேசித்தான் முடிவு செய்வேன். மார்க் குறைந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அவள் குரல் குறைந்தால் அன்றைக்கே பஸ்ஸை வேறொருத்தனிடம் கொடுத்துவிட்டுப் போய் அவள் முன்னால் நிற்பேன். பழைய வாக்குக்குப் பதிலாக இதை வைத்துக்கொள் அக்கா. இதை மீற மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவன்,
உன் மகளுக்குத் தாய்மாமன்