பத்து லட்சத்து மூன்றும் என் மீசையும்

பாசத்துக்குரிய மச்சான் தணிகாசலத்துக்கு,

யாருமே நம்பாத ஒரு கதையை எழுதப்போகிறேன். முத்தாபுதுப்பேட்டைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். சிரிக்காமல் கேள்.

ஆவடித் தொழிற்சாலையில் நாம் பல்சக்கரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். முப்பத்தேழு பல் வைத்தால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது, அது எதனாலும் வகுபடாத பகா எண் என்று போர்மேன் சொன்னார். அன்று பிடித்தது உனக்குப் பைத்தியம்.

"பத்து லட்சத்து ஒண்ணு. அத்த எவனாலயும் வகுக்க முடியாது மச்சான்" என்றாய். மூன்று நாள் அன்னம் ஆகாரம் இல்லாமல் வகுத்தேன். நூற்றொன்றில் மாட்டியது, மீதியே இல்லை. அன்றிலிருந்து உன்மேல் எனக்குச் சந்தேகம்.

வெட்கமே இல்லாமல் மறுநாள் ரெண்டு தள்ளி வந்தாய். "பத்து லட்சத்து மூணு. இது வகுபட்டா என் மீசைய எடுத்துடறேன். படலன்னா உன்னுது போவும்." என் மீசை லேசுப்பட்டதா? பூந்தமல்லி பஸ்ஸே அதற்கு ஒதுங்கி வழிவிடும்.

"ஆயிரத்துக்குள்ள நூத்தி அறுவத்தெட்டு பகா எண் கீது. அதுங்களால வகுத்தா போதும். மேல ஒண்ணு வகுத்தா, அதோட ஜோடி கீழயே மாட்டிகினு இருக்கும்." உன் விளக்கம் சரியாக இருந்தது. அதனால்தான் சந்தேகம் கூடியது.

தாளுக்கு ஒரு எண்ணாக நோட்டில் போட்டு முடித்தாய். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அதை என்னிடம் கொடுத்தாய். மறுநாள் கட்டிலருகே வந்து நின்றேன்.

"அறுநூத்தி பதிமூணு எங்க மச்சான்? இன்னாத்த மறைக்கிற?"

"போட்டேனே. உன் கண்ல இன்னா கோளாறு?"

"அந்தத் தாளு இல்ல. நம்ப மாட்டேன்."

"ஊட்டுக்கு வந்து உன் எதிர்லயே போட்டுக் காட்றேன். பிளேடு வாங்கி வச்சிக்கோ."

நீ வரவில்லை. மீசையோடு போய்ச் சேர்ந்தாய்.

என் தங்கை கமலா, உன் பெண்டாட்டி, இப்போதுதான் கொஞ்சம் சாப்பிடுகிறாள். உன் பெரியவன் கால்குலேட்டர் வாங்கியிருக்கிறான். தட்டிப் பார்த்து, "வகுபடல மாமா" என்கிறான். அந்தப் பெட்டிக்கும் உனக்கும் என்ன ஒப்பந்தமோ, யார் கண்டது?

நேற்று நானே உட்கார்ந்தேன். அறுநூற்றுப் பதின்மூன்றை ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொரு தடவை கழித்தேன். இருநூறு மீதி.

தண்ணீர்த் தொட்டி, பட்டினி, பஸ் எல்லாம் புளுகு மச்சான். ஒன்று மட்டும் நிஜம். அந்தத் தாளைக் கிழித்தது நான். நீ நோட்டைக் கொடுத்த அன்றே கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதிலும் இருநூறுதான் மீதி. கணக்கு முடிந்துவிட்டால், வீட்டுக்கு வர உனக்கு வேறென்ன அவசரம் இருக்கப்போகிறது என்றுதான் கிழித்தேன்.

தாளைத் திரும்ப ஒட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சலூனில் போய் உட்காருவேன். இது சத்தியம்.

மீசை இழக்கப்போகும்,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்