நூற்றேழு டிகிரி

ஜூன் 12
நூற்றேழு டிகிரி காய்ச்சலாம்! தெர்மாமீட்டரை வெந்நீர்ப் பையில் வைத்து எடுத்திருக்கிறாள், ஏழாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ரெட்டைச் சடைக்காரி. "இவ்ளோ சூடு இருந்தா நீ இந்நேரம் பேசிக்கிட்டா இருப்ப?" என்றேன். சிரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் மட்டும் வருகிற காய்ச்சல்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சிஸ்டர்."

கையிலிருந்த சாப்பாட்டு டப்பா கனமாக இருந்தது. பள்ளிக்கூட நர்ஸுக்கே காது குத்துகிறாள். கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு நான் மேசையில் சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னால் அவள் டப்பாவும் திறந்தது. தினமும் இதே கூத்துதான்.

ஜூன் 15
ஞாயிறு. அக்கா போனில், "நல்லாயிருக்கியாடி?"

"ஜோரா இருக்கேன்."

அதன் பிறகு நாள் முழுக்க வாய்க்கு வேலையில்லை.

ஜூன் 19
அடிக்கடி வருகிற பிள்ளையின் வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. போன் செய்தேன். அப்பா வந்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லன்னா அப்புறம் என்ன, நடிப்புதான?" தரதரவென்று இழுத்துப் போனார். வாசலில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

விதிப்படிதானே செய்தேன்? பெரிய விதி!

ஜூன் 20
வரவில்லை.

ஜூன் 24
இன்றும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 26
மூக்கில் ரத்தம் வந்த பிள்ளைக்குக் கழுவிவிட மாடிக் கழிப்பறைக்குப் போனேன். சாத்திய கதவுக்குப் பின்னால் டப்பா மூடுகிற சத்தம். அது எனக்குப் பழகிய சத்தம். அடிப் பாவி, இங்கேயா உட்கார்ந்து சாப்பிடுற!

அந்தப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தட்டினேன். "நான்தாம்மா. காய்ச்சல் இருந்தாத்தான் வரணும்னு இல்ல."

"அப்பாவுக்குப் போன் பண்ணுவீங்க."

"பண்ண மாட்டேன். தப்பு என்னோடதுதான். என்னன்னு சொல்லு."

கதவு பாதி திறந்தது. "எனக்கு இங்க யாருமே இல்ல சிஸ்டர்."

ஜூலை 3
இப்போது காய்ச்சல் இல்லாமலே வருகிறாள். இன்று அவள் வகுப்புப் பெண் ஒருத்தி முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். நான் மருந்து போட, இவள் ஊதிவிட்டாள். பிறகு இரண்டும் ஒரே டப்பாவில் கை வைத்தன.

ஜூலை 11
ஜன்னலில் பார்த்தேன். மைதானத்து ஓரம் ரெட்டைச் சடையும் முட்டிக்காரியும். கையாட்டினாள். சந்தோஷம்தான் — சந்தோஷம்தானா? தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 13
அக்கா. "நல்லாயிருக்கியாடி?"

"ஜோரா..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"இல்லக்கா. எனக்கு இங்க யாருமே இல்ல."

அக்கா கேட்டாள்: "உன் ஊருக்குக் காலைல மொத பஸ் எத்தன மணிக்குடி?"