விசில் அடிக்காத பானையில் வான்கோழி

மாட்டுங்கா லேபர் கேம்ப்
2.12.2024

சீத்தா கேம்ப் மகாராணி ஆஸியாவுக்கு,

பூமாரி எழுதுகிறேன். நீ சுகமாகத்தான் இருப்பாய். என் தொணதொணப்பு இல்லாமல் இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாயே. போனில் என் நம்பரை அடைத்துவிட்டாய், தபால்காரரை என்ன செய்வாய்?

நான் சமைக்கப் போகும் செம்பூர் வீட்டு சாதனா மேடம் புனேவுக்கு மாறிப் போகிறார்கள். பெட்டி பிரிக்காத ஸ்லோ குக்கர் ஒன்றை எனக்குத் தந்தார்கள். அதே வாரம் குர்லா தோல் பட்டறை முதலாளி எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வான்கோழி கொடுத்தார். ராஹில் பாய் கடையில் அறுத்து வாங்கினேன். தொடை இரண்டையும் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, விசிலுக்குக் காத்திருந்தேன். மதியம் வரை ஒரு சத்தம் இல்லை. மூடியைத் திறந்து திறந்து பார்த்ததுதான் மிச்சம். வீட்டுக்காரர் கடித்துப் பார்த்துவிட்டு, "ஏளா, இதுல செருப்புக்கு அடி வெட்டலாம்" என்றார்.

குவைத்தில் நாலு வருஷம் சமைத்தவள் நீ. நெஞ்சுக்கறி பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் கிடக்கிறது. பக்குவம் எழுது.

ஜனவரியில் உன் மகள் சைனபுக்கு நிக்காஹ் என்று ராஹில் பாய் சொன்னார். பத்திரிகைதான் என் வாசலுக்கு வரவில்லை. வழி மறந்திருக்கும்.

உன் வாயாடி,
பூமாரி

சீத்தா கேம்ப்
9.12.2024

பூமாரிக்கு,

வழி மறக்கவில்லை.

தோலை எடுத்துவிடு. உப்பு, மிளகு, பூண்டு, எலுமிச்சை பிசறி முதல் நாளே வை. அடியில் வெங்காயத்தைத் தடியாக நறுக்கிப் பரப்பு. தண்ணீர் வேண்டாம், கறியே விடும். குறைந்த சூட்டில் ஐந்து மணி நேரம். நடுவில் திறக்காதே. அது கரண்டில் மெதுவாக வேகவைக்கும் பானை, அதில் விசில் கிடையாது.

ஆஸியா

லேபர் கேம்ப்
16.12.2024

ஆஸியாவுக்கு,

பாதி நெஞ்சுக்கறியை நீ சொன்னபடி வைத்தேன். விரலால் பிய்த்தாலே நார் நாராக வந்தது. வீட்டுக்காரர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

ஐந்து மணி நேரம் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு சைனபைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் சொன்னதுதான் காதில் கேட்டது. "இவ வெந்நி போட்டாலே கருகிரும், தீயணைப்பு வண்டிக்கு நம்பர் வாங்கிட்டுப் போங்க." மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. சம்பந்தம் போயிற்று. அதற்கப்புறமும் உன்னிடம், "நல்லவேள, அந்தப் பையன் தப்பிச்சான்" என்று சிரித்தேன். தப்பு என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

தப்புதான் ஆஸியா. சைனபிடமும் சொல்ல வேண்டும். நிக்காஹுக்குக் கூப்பிடு என்று கேட்க இதை எழுதவில்லை.

மீதிக் கறி இருக்கிறது. அந்தப் பானையில் ராஹில் பாய் கடைக் கறி தவிர வேறெதுவும் பட்டதில்லை. நீ சாப்பிடலாம்.

பூமாரி

சீத்தா கேம்ப்
19.12.2024

பூமாரிக்கு,

சைனபுக்குத் தமிழ் படிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்டினேன். "உம்மா, இது நிசமாவே பூமாரி மாமி எழுதினதா? சிரிக்கவே இடமில்லயே" என்றாள். எனக்கும் அதே சந்தேகம். எங்கேயாவது கேலி ஒளிந்திருக்கும் என்று இரண்டு தரம் தேடினேன்.

சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. நீ சிரித்தபோது அவள் உள்ளறையில் அழுதுகொண்டிருந்தாள். உனக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மீதிக் கறியைக் காலையிலேயே வைத்துவிடு. எங்கள் வீட்டுப் பத்திரிகையைத் தபாலில் போடுவதில்லை, கையில்தான் கொடுப்போம். முதலில் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல். கொடுப்பதா வேண்டாமா என்று அவள் பார்த்துக்கொள்வாள். பத்திரிகையை அவள் பையில்தான் வைத்திருக்கிறேன்.

ஆஸியா