இடுப்பில் தைத்த எலாஸ்டிக்

ஆடி 6, செவ்வாய்.

குரங்குக்குட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கிட்டே போனால் நாற்றம். இன்று கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் இடுப்பு முடியை விலக்கிக் காட்டினார். நான் தைத்த எலாஸ்டிக் சதைக்குள் புதைந்து கிடந்தது.

போன வருடம் மலைப்பாதையிலிருந்து என் வீட்டுக்காரர் அதைத் தூக்கி வந்தபோது கையளவுதான் இருந்தது. சங்கிலி போட்டால் வலிக்கும் என்று, ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக்கை இடுப்பில் சுற்றி, கையாலேயே தைத்துவிட்டேன். குட்டி வளர வளர அதுவும் விரியும் என்று நினைத்தேன். இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் எலாஸ்டிக் தைக்கிறவள் நான். எவ்வளவு விரிந்தாலும் அது பழைய அளவுக்குத்தான் இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"பாசமாத்தானுங்க வளத்தோம்," என்றார் இவர்.

"அங்கயே உட்டுட்டு வந்திருக்கோணுமுங்க," என்றார் மருத்துவர். வனத்துறைக்குச் சொல்லியாக வேண்டுமாம். பிழைத்தாலும் இனிக் காட்டில் விட முடியாதாம். மற்ற குரங்குகள் சேர்க்காது. அதற்கு மனிதர்களைக் கண்டு ஓடவும் தெரியாது. நாங்கள்தான் அப்படிப் பழக்கிவிட்டோம்.

மயக்க ஊசி போடப் போனபோது மருத்துவர் கையைக் கடிக்கப் பாய்ந்தது. பிறகு என் முந்தானைக்குள் வந்து முகத்தைப் புதைத்துக்கொண்டது. தைத்தவள் நான் என்று அதற்குத் தெரியவில்லை.

மணி பன்னிரண்டு ஆகிறது. என்னைக் கடித்திருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.