‘ங்க’ போடச் சொன்ன ராஜா

மே 5, திங்கள்

காலையிலேயே அனல். சித்தேரி மலைப் பக்கம் மேகம் கூடிக் கலைந்தது. சொட்டு இல்லை.

பாப்பிரெட்டிப்பட்டி ஜெராக்ஸ் கடையில் கூட்டம். பட்டா நகல், ஆதார் நகல், மறுபடி பட்டா. நடுவில் முதலாளிக்குத் தெரியாமல் நாடகத்தை டைப் அடித்தேன். ஐந்து காட்சி முடிந்தது. கடைசிக் காட்சி இல்லை. ராஜா என்ன ஆகிறார் என்று எனக்கே தெரியவில்லை.

ஊர் மாதா கோயில் திருவிழா ஞாயிறு. வருடா வருடம் புனிதர் கதைதான். இந்த வருடம் புதுசாக எழுது என்றார் பங்குச்சாமியார். எழுதின வரைக்கும் கொடுத்தேன். படித்தாரா, சந்தேகம்.

கதை: ஏழ்குன்றம் என்று ஒரு நாடு. மருதவேந்தன் பட்டத்துக்கு வந்ததும் ஒரே ஒரு ஆணை. இனி யாரும் யாரையும் ‘வா, போ’ என்று கூப்பிடக் கூடாது. ‘வாங்க, போங்க’தான். ஆண்டைக்கும் ஆளுக்கும் அதே ‘ங்க’. வரியைக் கூட்டியிருந்தால் ஜனங்கள் பொறுத்திருப்பார்கள். இதற்குச் சந்தை மூடிக் கிடக்கிறது. வயலில் ஏர் நிற்கிறது. ஆளை எப்படி ஏவுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ராஜா: காலனி சவரிமுத்து. கொத்தனார், நாற்பது வயது. அந்தக் குரல் எங்கள் தெருவில் ஒருத்தனுக்கும் இல்லை. எங்கள் தெரு என்றால் நிலம் உள்ள தெரு. எல்லாரும் ஒரே ஞானஸ்நானம். கல்லறையில் மட்டும் மேல்பக்கம், கீழ்ப்பக்கம்.

மே 6, செவ்வாய்

முதல் ஒத்திகை, சாயங்காலம், கோயில் மைதானம். மந்திரி வேஷம் லூர்து சித்தப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு தடவை படித்தால் வசனம் மனப்பாடம்.

முதல் காட்சியில் மந்திரி சொல்ல வேண்டியது: “வாங்க மன்னா, உக்காருங்க.”

சித்தப்பா சொன்னது: “மன்னர் வந்தாச்சா? உக்காரலாமே.”

மறந்துவிட்டார் என்று நினைத்துத் திருத்தினேன். மறுபடி “வந்தாச்சா”. அடுத்த காட்சியில் “சாப்பிட்டீங்களா” வர வேண்டிய இடத்தில் “சாப்பாடு ஆச்சா”. “போயிட்டு வாங்க” வர வேண்டிய இடத்தில் “கெளம்பலாமே”. ஒரு ‘ங்க’ கிடையாது. ஒரு மரியாதைக் குறைவும் கிடையாது. பிடிக்கவே இடம் இல்லை.

கேட்டதற்கு, “அர்த்தம் அதேதானடா. நீ எழுதுனதச் சொன்னா என்ன, வந்தாச்சான்னா என்ன?” என்றார்.

சவரி தலையைக் குனிந்து சிரித்தான். சிரித்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், நான் எழுதிய எந்த வில்லனுக்கும் சித்தப்பா மூளை இல்லை. திருடிவிட்டேன். ஏழ்குன்றத்து ஜனங்கள் ஆணையை மீறவே போவதில்லை. கூப்பிடாமலே பேசப் பழகிவிடுகிறார்கள். வேலை ஆச்சா. தண்ணி வந்துச்சா. கதவு தெறந்திருக்கே. நாடு முழுக்க எதிரில் ஆளே இல்லாத பேச்சு. தன்னை யாராவது ஒரு வார்த்தை கூப்பிட மாட்டார்களா என்று ராஜா தெருத்தெருவாக அலைகிறார். கதவுகளுக்கு முன்னால் நிற்கிறார். அதுதான் கடைசிக் காட்சி.

மே 8, வியாழன்

சூசை. இரண்டு நாளாக அந்த நினைப்புதான்.

சவரியின் அப்பா. செத்து நாலு வருடம். ஆயுசு முழுக்க எங்கள் நிலத்தில் வேலை. எனக்கு ஆறு வயதில், ஓடையில் தண்ணீர் வந்தால் தோளில் தூக்கிப் போய் ஸ்கூலில் விடுவார். நான் முடியைப் பிடித்துக்கொண்டு, “சூச, வேகமாப் போ.” அவர், “போறங்க சாமி.” அறுபது வயது ஆள். என்னை யாரும் திருத்தவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இன்று மெஷின் சத்தத்துக்கு அடியில் அது கேட்டது. போறங்க, போறங்க, போறங்க. தாளுக்கு ஒன்று. யாருக்கோ பதினைந்து நகல் தேவைக்கு மேல் எடுத்துவிட்டேன். முதலாளி திட்டு.

மதியம் கல்லறைக்குப் போனேன். கீழ்ப்பக்கம், சிமென்ட் சிலுவை, சவரி கையால் செய்தது. திரும்பும்போது பின்னால் காலடி மாதிரி. நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

மே 9, வெள்ளி

அசிங்கம்.

மைக் டெஸ்ட். கிரீடம் அளவு பார்த்தோம், அட்டை, ஜிகினா. சவரி மைதானத்தின் அந்தக் கோடியில். நான் மைக்கில்: “ஏ சவரி, இங்க வா.”

வாய் தானாகச் சொன்னது. அவர் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “தோ வந்துட்டங்க.” அப்படியே சூசை குரல்.

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. என் தோளில் தட்டிக் கொடுத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு தனியாகப் போய் மன்னிப்பு கேட்டேன். “உடுங்க. வாய்ப் பழக்கம். எனக்கும் அதே பழக்கந்தானுங்க” என்றார்.

திருவிழாக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர். ராஜா வேஷத்துக்கு ஆளை மாற்று, நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்றார்கள். முடியாது என்றேன். சவரி காதிலும் விழுந்தது.

மே 11, ஞாயிறு

நாடகம் நாலு மணிக்கு. இருட்டினால் ஜெனரேட்டர் தேருக்குப் போய்விடும். சிம்மாசனம், கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை சேர்.

சவரி வந்து நின்றார். சித்தப்பா: “மன்னர் வந்தாச்சா? உக்காரலாமே.”

உட்கார்ந்தார். அடுத்த வசனம் அவருடையது. சொல்லவில்லை. மந்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆணையப் படிக்கலாமே” என்றார் சித்தப்பா. “சபை கூடியாச்சு.” மறந்துட்டான் என்று கீழே யாரோ. மறக்கவில்லை. தன்னைக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். காலனி ஜனம் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது, குழந்தைகள்கூட அசையவில்லை. சித்தப்பாவுக்கு மீசை ஒரு பக்கம் வியர்வையில் கழன்று தொங்கியது. மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

படுதாவை இழுத்தார்கள். பாதியில் சிக்கிக்கொண்டது. ராஜா சேரிலேயே.

அவரை எழுப்ப ஆள் இல்லை. ‘எந்திரி’ என்று சொல்லச் சாமியார் முன்னால் கூச்சம். ‘எந்திரிங்க’ சொல்ல நாக்கு வரவில்லை. எல்லாரும் என்னிடமே பேசினார்கள். “எந்திரிக்கச் சொல்லுடா.” “சேரு வேணும்.” “நேரமாவுது.”

போனேன். “அண்ணா, போலாம் வாங்க.” ஆயுசில் முதல் தடவை.

என்னை நிதானமாகப் பார்த்தார். “நீ போ. நான் வர்றேன்.”

மைக் ஆனில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது.

சுட்டது. இந்த நோட்டில் பொய் எதற்கு. ஆணையை எழுதிய எனக்கே அந்த ‘போ’ சுட்டது.

மே 12, திங்கள்

விடிந்ததும் வாசலில் ஆட்கள். அப்பா, சித்தப்பா, கமிட்டி. எங்கள் தெருப் பையன்கள் நாலு வண்டியை ஸ்டார்ட் செய்து காலனி ரோட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள்.

அப்பா: “உன்ன அவன் ‘நீ போ’ன்னானாமே. ஊரு முன்னாடி.”

வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. “அது வசனம்” என்றேன். “நான் எழுதிக் குடுத்ததுதான். கடசி சீன்ல ராஜா சொல்றது.”

அப்பா முகம் தெளிந்தது. “அதான பாத்தேன். அவனுக்கு ஏது அந்தத் தைரியம்.” ஒவ்வொரு வண்டியாக அணைந்தது. ஒருத்தன் சிரித்தான். சித்தப்பா மட்டும், “எழுதுனதக் கொண்டா, பாக்கலாம்.” டிக்கெட்டைக் கண்ணால் பார்க்காமல் விடாத ஆள்.

கடையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். சவரி வேலைக்குப் போயிருப்பார். அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது.

மணி பத்தேகால். கடைசிக் காட்சியைத் திறந்தேன். ராஜா கதவுக்கு முன்னால் நிற்கும் இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

மன்னன்: நீ போ. நான் வர்றேன்.

ஏழு நகல். சூடாக வந்தது. ஒவ்வொன்றிலும் கீழே, எழுதியவர் என்று என் பெயர்.